ராச்சாப்பாட்டுக்கு ஜாஸ்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்கு ராத்திரி இட்லி. ஜரினா அடுப்படியில் நின்றுகொண்டே நாலு தின்றாள். மகள் அப்ரா தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். நான் சாப்பாட்டு மேசையில், ஆறு நாற்காலிகளுக்குத் தலைவனாக, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். லீவில் வந்தபோது நான் தென்காசியில் ஆசையாக வாங்கிப் போட்ட மேசை. இப்போது அதன் மேல் சேலைக் கட்டுகள். என் தட்டுக்கு மட்டும் ஒரு முழம் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஒரேயடியாக ஊருக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. இருபத்தோரு வருஷம் வெளிநாடு. அதில் கடைசிப் பதினாலும் தோஹாவில் ஒரே ஓட்டல். பரிமாறுகிறவனாகச் சேர்ந்து, பரிமாறுகிறவர்களை மேய்க்கும் கேப்டனாக முடித்தேன். ஓட்டலை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு என் வயதில் ஒரு கேப்டன் தேவைப்படவில்லை.

அங்கே தினமும் சாயங்காலம் விளக்கைக் குறைத்து ஜாஸ் போடுவது என் பொறுப்பு. இசை தெரியும் என்பதால் கொடுத்தார்களா? பாட்டுப் பெட்டி அலமாரியின் சாவி வைத்திருந்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குப் போய்விட்டார், அன்றைக்கு நான் சீக்கிரம் வேலைக்கு வந்திருந்தேன், அவ்வளவுதான். எனக்கு ஜாஸ் தெரியும் என்பது, பஸ் கண்டக்டருக்கு டீசல் தெரியும் என்பது போல.

ஆனாலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைப் பதினாலு வருஷம் பார்த்திருக்கிறேன். பின்னால் மெல்ல ஒரு பியானோ. சின்னச் சிரிப்பு. ஊருக்குப் போனால் நம்ம வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் ஜரினாவும் அப்ராவும் எனக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்கள். என்ன சாப்பிடுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரியாது. நிச்சயமாக இட்லி இல்லை.

நாளையிலிருந்து மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம் என்று அறிவித்துவிட்டேன். ஜரினா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சரி என்றாள். அப்ரா டியூஷன் முடிந்து ஏழே முக்காலுக்கு வருவாள். எட்டரைக்கு ஜரினாவுக்குப் போனில் சேலை விற்கிற லைவ். நடுவில் கிடைக்கும் முக்கால் மணி நேரத்துக்குள் நான் என் கனவை முடித்துக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 13

தோஹாவிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கரைத் துடைத்து, இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்ததும் போட்டேன். முதல் தேர்வு, டிரம்பெட். எடுத்த எடுப்பிலேயே அப்ரா இடியாப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். லெவல் கிராசிங்கில் நிற்கிற மாதிரி இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 15

ஜரினாவின் லைவ் பற்றி எழுதிவைக்க வேண்டும். லீவுக்கு வரும்போது பார்த்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு பெரிசு என்று தெரியாது. பக்கத்து வீட்டு ஆறுமுகச்சாமி அண்ணாச்சியின் தறிக்கூடத்திலும், இன்னும் நாலைந்து இடத்திலும் காட்டன் சேலைகளை எடுத்துவந்து, போனில் காட்டி விற்கிறாள். முகம் காட்டுவதில்லை. இரண்டு கையும் குரலும் மட்டும்தான். முன்னறை மேசையில் சேலையை விரித்து முந்தியைத் திருப்பிக் காட்டுவாள். 'கலர் போகாதுக்கா, நான் உடுத்தித் துவைச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்' என்பாள். கோயம்புத்தூரிலும் மலேசியாவிலும் இருக்கிற பெண்கள் அந்தக் குரலை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள்.

எனக்குத் தெரியாத குரல் அது. நான் போனில் கேட்ட ஜரினா, 'ம்', 'சரி', 'நல்லாயிருக்கோம்' மட்டும்தான் பேசுவாள்.

ஆகஸ்ட் 18

இரண்டாவது தேர்வு: பாடுகிற பெண். கனத்த குரல், வெல்லப்பாகு மாதிரி. இது பிடிக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது தோசையில் ஜரினா, என்ன பாடுகிறாள் என்று கேட்டாள். பதினாலு வருஷத்தில் அந்த வார்த்தைகளை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. பிளஸ் டூ படிக்கும் மகள் மொழிபெயர்த்தாள். அவளுடைய ஆள் தூர தேசத்துக்குப் போய்விட்டானாம், வருகிறேன் வருகிறேன் என்கிறானாம், வரவில்லையாம்.

ஜரினா சட்னியை வழித்துக்கொண்டே, 'இதைப் போயி காசு குடுத்துக் கேக்காங்களா?' என்றாள்.

இனி வார்த்தை உள்ளது எதுவும் கிடையாது.

ஆகஸ்ட் 22

ஓட்டல் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. வேகமான இசை போட்டால் ஆட்கள் சீக்கிரம் தின்றுவிட்டு எழுந்து போவார்கள், வாசலில் காத்திருப்பவர்களை உட்காரவைக்கலாம். மெதுவானது போட்டால் இன்னொன்று கொண்டுவரச் சொல்வார்கள். இந்த ஞானத்தை வீட்டில் சோதித்தேன்.

நேற்று வேகம். பிசாசு துரத்துகிற மாதிரி இரண்டு பேரும் விழுங்கினார்கள். அப்ராவுக்கு விக்கல். எட்டு அடிக்கும் முன்னே தட்டு காலி, ஆளும் காலி. இன்றைக்கு மெதுவானது. அப்ரா ரசம் சோற்றின் மேலேயே கண் அயர்ந்துவிட்டாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து படிக்கிற பிள்ளை. ஜரினா அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 26

காலையில் அண்ணாச்சி மதில் மேல் எட்டிப் பார்த்தார். 'என்ன வே, ராத்திரி வீட்ல யாரும் அழுதாங்களா?' என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். அது சாக்ஸபோன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஏதாவது உதவி வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேட்கச் சொன்னார்.

நம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். இங்கே தும்மினால் அங்கே நூறு வயசு என்பார்கள். நியாயமாகப் பார்த்தால் அழவேண்டியவன் நான். அவருடைய தறி ராத்திரியும் ஓடுகிறது, அதன் தாளத்துக்கு எந்த டிரம்ஸும் ஒத்துவரவில்லை.

செப்டம்பர் 2

ஜரினாவின் அண்ணன் மம்மது மச்சான் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். வீட்டில் பாட்டு எதற்கு மச்சான் என்றார். இதில் வார்த்தையே இல்லை மச்சான் என்றேன். அதைப் பற்றி யோசித்துக்கொண்டே மூன்று பரோட்டா தின்றார். போகும்போது, வார்த்தை இல்லாததால் எங்கே முடியும் என்றே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவரை கிடைத்ததில் நியாயமான விமர்சனம் இதுதான்.

செப்டம்பர் 9

ஒருவழியாகப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பியானோ, ஆள் உயர வயலின் ஒன்றை நிறுத்திவைத்து விரலால் சுண்டுகிறது, அப்புறம் டிரம்ஸைக் குச்சியால் அடிக்காமல் பிரஷ்ஷால் தடவுகிறது. முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம். யாரும் விக்கவில்லை, யாரும் தூங்கவில்லை. கறியாணம் நன்றாக இருந்தது. நான் தண்ணீர் ஊற்றினேன். அப்ராவுக்கு எலும்பு போடத் தனித்தட்டு வைத்தேன்.

அப்போது அப்ரா, 'வாப்பா, நீங்க எப்ப உக்காருவீங்க?' என்றாள்.

ஒரு மாதமாக மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். கையில் தண்ணீர் ஜக்கு. இடது தோளில் துண்டு. அவர்கள் தின்று முடித்த பிறகு அடுப்படியில் நின்றபடி அவசர அவசரமாகத் தின்றிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. ஓட்டலில் அப்படித்தான் தின்போம், பின்கட்டில், சுவரில் சாய்ந்து.

உட்கார்ந்தேன். உப்பு எடுக்க எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஜன்னலைச் சாத்த எழுந்தேன். ஜரினாவின் தம்ளரில் தண்ணீர் பாதிக்குக் கீழே போனதும் என் முழங்கால் தானாக நிமிர்ந்தது.

செப்டம்பர் 10

உட்கார்ந்து சாப்பிட்டேன். கடினமான வேலை. உட்கார்ந்தால் பேச வேண்டும். நான், 'படிப்பெல்லாம் எப்படிப் போகுது?' என்றேன். 'போகுது வாப்பா' என்றாள். போனில் கேட்ட அதே கேள்வி, அதே பதில். போனிலாவது லைன் கட் ஆகும்.

செப்டம்பர் 19

ஜோஷ்வா சார் பேசினார். தோஹாவில் எனக்கு மேலதிகாரி, நாகர்கோவில்காரர். இப்போது மஸ்கட்டில் ஒரு ஓட்டலைப் பார்த்துக்கொள்கிறார். கேப்டன் வேலை காலி, நவம்பரில் சேர வேண்டும், வருகிறாயா என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜரினாவிடம் சொன்னேன். அவள் பார்சலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். 'உங்க இஷ்டம்' என்றாள். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

உங்க இஷ்டம் என்றால் என்ன? போங்கள் என்றா, போகாதீர்கள் என்றா? தட்டில் கத்தியும் முள்கரண்டியும் எப்படிக் கிடக்கின்றன என்பதை வைத்தே வாடிக்கையாளருக்கு இன்னும் வேண்டுமா போதுமா என்று கண்டுபிடிக்கிறவன் நான். டேப் அறுப்பதை வைத்து ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 1

தீபாவளிக்கு ஆர்டர் குவிகிறது. ஜரினா இப்போதெல்லாம் சாப்பாட்டு மேசையிலும் போனில் பதில் போடுகிறாள். நேற்றைய லைவில் கொஞ்ச நேரம் சத்தமே போகவில்லையாம். போன் கோளாறாக இருக்கும் என்றாள். நான் மைக்கைத் துடைத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 4, சனி

நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

இன்றைக்குப் போட்டது நல்ல பாட்டு, நீளமானது. சாப்பிட்டு முடிந்தது. ஜரினா கைகழுவி முன்னறைக்குப் போய் விளக்கைப் போட்டு லைவைத் தொடங்கினாள். நான் ஸ்பீக்கரை நிறுத்தவில்லை. பியானோ ஒரு நல்ல இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதோடு, பெரிய துணிக்கடைகளில் பின்னால் மெல்ல இசை போடுவார்களே, அது ஜரினாவின் வியாபாரத்துக்கும் ஒரு கௌரவம்தானே என்று ஒரு நினைப்பு. நாலு நாளைக்கு முன்னாலும் அப்படி ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆமாம், கண்ணை மூடிக்கொண்டு.

அப்ரா ஓடிவந்து, 'வாப்பா, அதை நிறுத்துங்க' என்றாள்.

ஜரினா பேசிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. அடுத்தவருடைய இசையை அனுமதியில்லாமல் பயன்படுத்தியதாக அந்த ஆப்காரர்கள் சத்தத்தை வெட்டிவிட்டார்கள். அப்ராவின் போனில் எட்டிப் பார்த்தேன். இரண்டு கைகள் ஒரு மாம்பழக்கலர் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தன. குரல் இல்லை. கீழே வரிசையாக 'அக்கா சத்தம் வரல', 'அக்கா பேசுங்க'. கொஞ்ச நேரத்தில் படமும் போய்விட்டது. முதல் தடவை எச்சரித்தோம், இது இரண்டாவது, ஆகவே ஏழு நாளைக்கு இந்தப் பக்கத்தில் எதுவும் போட முடியாது என்று ஒரு செய்தி வந்தது.

தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. வீடு முழுக்கச் சேலை.

போன் கோளாறு இல்லை. நான்தான் கோளாறு.

அக்டோபர் 5

ஜரினா சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுமையாகத்தான் பேசினாள். சேலைகளைக் கலர்வாரியாக அடுக்கிக்கொண்டே பேசினாள்.

'நீங்க வந்ததிலேருந்து பாக்கேன். இங்கன உக்காரு, இப்பத் தின்னு, இதைக் கேளு. இத்தனை வருஷம் நாங்க எப்படித் தின்னோம்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? உங்களுக்கு நாங்க கஸ்டமரா?'

'உங்களுக்காகத்தான்...'ன்னு ஆரம்பிச்சேன். எனக்கே நல்லாயில்ல, நிறுத்திட்டேன். அவங்களுக்காகவா? அந்த ஓட்டல்ல எவனோ எவளோ உக்காந்து தின்னதைப் பாத்துட்டு வந்து, அதே மாதிரி ரெண்டு பேரை இங்கன உக்கார வைக்கணும்னு அலைஞ்சிருக்கேன். அந்த ரெண்டு பேரும் யாரா இருந்தாலும் எனக்குச் சரிதானோ? சே, அப்படியெல்லாம் இல்ல. இல்லதானே?

ஸ்பீக்கரைப் பரணில் போட்டுவிட்டேன். ஜோஷ்வா சாருக்கு 'வருகிறேன்' என்று செய்தி அனுப்பினேன். உடனே கட்டைவிரல் தூக்கிய படம் ஒன்று வந்தது. இந்த வீட்டில் இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைக்காத பாராட்டு.

அக்டோபர் 6

ஜரினா ஒவ்வொரு வாடிக்கைக்காரியாகப் போனில் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள். தொண்டை கட்டிவிட்டது. நான் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அடுத்த நம்பரைப் போட்டாள்.

அக்டோபர் 7

பார்சல் மடிக்க நானும் உட்கார்ந்தேன். துணி மடிப்பது எனக்குக் கைவந்த கலை. ஓட்டலில் நாப்கின் துணியை அன்னப்பறவையாக மடித்து மேசையில் நிறுத்துவேன். சேலை பெரிய துணி, பெரிய பறவை வரும் என்று பத்துச் சேலைகளை அப்படி மடித்து உறையில் போட்டேன். ஜரினா எடுத்துப் பார்த்தாள். பத்தையும் பிரித்து மறுபடி மடித்தாள். பத்தாவதை மடிக்கும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்டோபர் 8

லைவ் இல்லாததால் இந்த வாரம் மூன்று பேரும் நேரம் காலம் பார்க்காமல் சேர்ந்து சாப்பிடுகிறோம். நான் கேட்டது இதைத்தான். இதற்காக அவள் பிழைப்பைக் கெடுக்க வேண்டியிருந்தது. நாலு நாளாக மேசையில் ஒரு பேச்சு கிடையாது. 

இன்றைக்கு அப்ரா பாதித் தட்டில் எழுந்துபோய் நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து ஸ்பீக்கரை இறக்கினாள். 'எதையாவது போடுங்க வாப்பா. நீங்க ரெண்டு பேரும் மெல்லுத சத்தம்தான் வீடு முழுக்கக் கேக்கு' என்றாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு படிக்கப் போய்விட்டாள்.

நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. கைக்கு வந்த முதல் பாட்டைப் போட்டேன். நல்ல பாட்டுகூட இல்லை. ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஜரினா பேசினாள். தட்டைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில். எனக்கே சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. 

'ஒரேயடியா வாரேன்னு நீங்க போன் பண்ணினீங்கள்லா, அன்னைக்கு நான் அழுதேன். சந்தோசத்துல இல்ல.'

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

'ரெண்டு மாச லீவுல வாரவருக்கு என்ன ஆக்கிப் போடணும்னு எனக்குத் தெரியும். போகாதவருக்கு என்ன ஆக்கணும்னு தெரியல. அதான்.'

மஸ்கட்டுக்குச் சொல்லிட்டீங்களா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். தலையாட்டினாள். போக வேண்டாம் என்கிறாயா என்று கேட்டேன். தட்டில் இருந்த கறிவேப்பிலையை ஓரத்துக்குத் தள்ளினாள்.

'நீங்க போனா ரெண்டு பேருக்குமே சுளுவு. அதான் எனக்குப் பயமா இருக்கு.'

சாக்ஸபோன் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அண்ணாச்சி வீடு, இந்தப் பக்கம் அப்ராவின் அறை. கதவு திறந்திருக்கிறது. இந்த வீட்டில் ஒரு பொம்பளை மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் எந்த மூலைக்குப் போவாள்? ஓட்டலில் இசை போடுவதே அதற்காகத்தான். இசையை யாரும் கேட்க வேண்டும் என்பதற்காக இல்லை. ஒரு மேசைப் பேச்சு அடுத்த மேசைக்குப் போகக் கூடாது, அதற்கு. புதிதாக வேலைக்குச் சேருகிற பையன்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம். இங்கே இரண்டு மாதமாகப் பியானோவா டிரம்பெட்டா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்திருக்கிறேன். கேப்டனாம்.

பாட்டு முடிந்ததும் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். நான் எழப் போனேன். 'இன்னொன்னு வைங்க' என்றாள்.

அக்டோபர் 9

ஜோஷ்வா சாரைக் கூப்பிட்டு வரவில்லை என்றேன். ஏன் என்றார். வீட்டில் வேலை இருக்கிறது என்றேன். வீட்டில் என்னப்பா வேலை என்றார். இன்னும் சேரவில்லை, இப்போதுதான் இன்டர்வியூ நடக்கிறது என்றேன். சிரித்தார். வேறு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அக்டோபர் 11, சனி

ஜரினாவின் லைவ் பக்கம் திரும்பக் கிடைத்தது. எட்டரைக்கு லைவ். நான் ஸ்பீக்கரின் வயரையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் போய் நின்றேன். வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஒருவரைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். யார் வீட்டில் துக்கம் என்று கேட்டார். அண்ணாச்சி தாமாகவே தறியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்.

ஜன்னல் வழியாகக் கேட்டது. கட்டின தொண்டையோடு, 'சத்தம் கேக்குதாக்கா?' என்றாள். பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த நிமிஷம் அவள் சிரித்தது கேட்டது.

அக்டோபர் 20

தீபாவளி. அண்ணாச்சி வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. விற்காமல் நின்ற சேலை இருபது இருக்கும். ஜரினா, போன வருஷமும் இவ்வளவு நின்றது என்றாள். எனக்காகச் சொல்கிறாளா, உண்மையா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

நவம்பர் 12

மாம்பழக்கலர் சேலைகளில் ஒன்றை நான் மடித்தேன். அவள் பிரிக்கவில்லை.

நவம்பர் 23

லைவை ஒன்பது மணிக்கு மாற்றிவிட்டாள். புதன்கிழமை விடுமுறை. கோயம்புத்தூர்க்காரிகள் சீரியல் முடிந்துதான் வருகிறார்களாம். அப்படியா என்றேன். ஆமாம் என்றாள். அப்ரா குனிந்து தோசையைப் பார்த்துச் சிரித்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

ஜனவரி 21, புதன்

இன்றைக்கு லைவ் கிடையாது. கருவாட்டுக் குழம்பு. அப்ரா சீக்கிரம் தின்றுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். மார்ச்சில் பரீட்சை.

கொஞ்ச நாளாக ஜரினா சாப்பிடும்போது, நான் இல்லாத வருஷங்களைச் சொல்லிக்கொண்டு வருகிறாள். அப்ரா பிறந்ததிலிருந்து தொடங்கியது. ஒரு வரிசையாகத்தான் சொல்வாள், இடையில் குதிக்க விடமாட்டாள். இன்றைக்கு அப்ரா மூன்றாம் வகுப்புப் படிக்கிற வருஷம். மழையில் பின்சுவர் விழுந்திருக்கிறது. இவள் ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் நான் போன் பண்ணினபோது, நல்லாயிருக்கோம் என்று சொன்னாளாம். நான் சொன்னேன், இல்லை, அந்தச் சுவரைக் கட்டும்போது நான் லீவில் இருந்தேன், நானே சிமெண்டு வாங்கிவந்தேன் என்று. அது வேறு சுவர் என்கிறாள். எந்த வேறு சுவர்? இந்த வீட்டில் இருக்கிறதே நாலு சுவர். அதில் ஒன்று அண்ணாச்சியுடையது. சண்டை வலுத்துவிட்டது. அவள் குரல் லைவில் பேசுகிற குரலாகிவிட்டது. அண்ணாச்சி வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். 

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டு போடவில்லை. நேற்றும் போடவில்லை. கடைசியாக எப்போது போட்டேன் என்று யோசித்தால் நினைவில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே நின்றுவிட்டதோ? மறந்துவிடக் கூடாது என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்பு முடிய இன்னும் பாதி வருஷம் இருக்கிறதாம். அதற்கு மேலே எட்டு வருஷம் பாக்கி. 

கூப்பிடுகிறாள். 'அங்கன போயி என்ன எழுதிக்கிட்டு இருக்கீங்க? எனக்குக் கை காயுது. அது வேற சுவர்தான், வந்து மிச்சத்தையும் கேட்டுட்டுப் போங்க.'